ரெதோனின் பூ ஜாடியும் ஒரு வாட்ஸ்அப் கதையும்



சென்ற வாரம் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்தது. நீல ஜாடி நிறையப் பூக்கள். அதன் கீழே நான்கு வரியில் ஒரு கதை. இந்த ஓவியரின் முதல் குழந்தை ஆறே மாதத்தில் இறந்துவிட்டது. அந்தத் துயரத்தில் அவர் கருப்பு நிறத்தில் பேய்களையும் பூதங்களையும் வரைந்தார். மூன்று ஆண்டு கழித்து இன்னொரு மகன் பிறந்தான். அன்று முதல் வண்ணப் பூக்களாக வரையத் தொடங்கிவிட்டார். இவ்வளவுதான் கதை. அதற்கடியில் வரிசையாகக் கைகூப்பல்களும் இதயங்களும். இரண்டு நாளில் அதே கதை பழைய மாணவர் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. "சார், இது உண்மையா?" என்று மாணவி ஒருவர் கேட்டிருந்தார். வாழ்நாளெல்லாம் வரலாறு நடத்தியவனிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும். பொறுமையாகப் படியுங்கள்.

அந்த ஓவியரின் பெயர் ஒதிலோன் ரெதோன். பிரான்சின் பொர்தோ நகரில் 1840 ஏப்ரலில் பிறந்தவர். குறியீட்டியம் என்று நாம் சொல்லும் கலைப்போக்கின் முக்கியமான ஓவியர். கண்ணுக்குத் தெரியும் பொருளை அப்படியே காட்டுவதைவிட, அதன் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத மனநிலையை, கனவை, அச்சத்தைச் சொல்ல முயன்றவர்கள் அவர்கள். ஒளியையும் நீரையும் வரைந்த குளோத் மொனே பிறந்ததும் அதே 1840இல்தான். ஒரே வயதினர் இருவர், ஒருவர் வெளியே பார்த்தார், ஒருவர் உள்ளே பார்த்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தக் கதைக்கு வருவோம். அதில் வரும் பிறப்புகளும் இறப்பும் உண்மை. முதல் மகன் ழான் 1886 மே மாதம் பிறந்து நவம்பரில் இறந்தான். இரண்டாம் மகன் ஆரி 1889 ஏப்ரலில் பிறந்தான். மணிகள் நிஜம்தான். அவற்றைக் கோத்த நூல்தான் பொய்.

வகுப்பில் நான் உங்களைக் காலக்கோடு போடச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? "எதற்கு சார் இத்தனை ஆண்டுகள்?" என்று சலித்துக்கொள்வீர்கள். இதற்குத்தான். ஒரு கோடு போட்டு 1886, 1889 இரண்டையும் குறியுங்கள். பிறகு ரெதோனின் கருப்புப் படங்களை அதன் மேல் வையுங்கள். கரித்துண்டால் அவர் கருப்புப் படங்களைத் தொடர்ந்து வரைந்தது 1870களில். கருப்பு அச்சுப்படங்களின் முதல் தொகுப்பு "கனவில்", 1879. எட்கர் ஆலன் போவுக்குக் காணிக்கையாக ஒரு தொகுப்பு, 1882. "தோற்றங்கள்", 1883. ஓவியர் கோயாவுக்கு வணக்கமாக ஒன்று, 1885. பல்லைக் காட்டிச் சிரிக்கும் அந்தப் புகழ்பெற்ற கருஞ்சிலந்தி, 1881. இவை எல்லாம் ழான் பிறப்பதற்கு முன்னால் வந்தவை.

கோட்டின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஆரி பிறந்த பிறகு 1891இல் ஒரு கருப்புத் தொகுப்பு, 1896இல் இரண்டு, 1899இல் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை வைத்து இன்னொன்று. மகனுக்குப் பத்து வயது ஆகும்வரை அப்பா கருப்பில் வேலை செய்துகொண்டுதான் இருந்தார். ஆக, துயரம் கருப்பைக் கொண்டுவரவும் இல்லை, மகிழ்ச்சி ஒரே நாளில் அதை விரட்டவும் இல்லை.

பிறகு எது அவரைப் பூக்களிடம் கொண்டுபோனது? அதற்கு அவருடைய இளமைக்குப் போக வேண்டும்.

ரெதோன் நோஞ்சான் குழந்தை. பெற்றோர் அவரைப் பொர்தோவில் வைத்துக்கொள்ளாமல், மெதோக் பகுதியில் இருந்த பெய்ர்லபாத் என்ற குடும்பப் பண்ணை வீட்டில், வயதான மாமா ஒருவரின் பொறுப்பில் விட்டார்கள். திராட்சைத் தோட்டமும் தரிசு நிலமும் சூழ்ந்த தனிமை. இருட்டு மூலைகளைத் தேடிப் போய் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாக இருந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அப்பாவின் விருப்பத்துக்காகக் கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுதித் தோற்றார். பாரிசில் ழெரோம் என்ற பெயர்பெற்ற ஓவியரின் பட்டறையில் சேர்ந்தார். உருவத்தை அழுத்தமான எல்லைக்கோட்டுக்குள் அடைக்கச் சொல்லும் பயிற்சி அது. எல்லைகள் நடுங்கிக் கரைவதைப் பார்த்த பையனுக்கு அது ஒத்துவரவில்லை. ஊர் திரும்பினார்.

அவருக்குக் கிடைத்த நல்ல ஆசிரியர்கள் ஊரில்தான் இருந்தார்கள். செதுக்கச்சுக் கலையைக் கற்றுத்தந்த ரொதோல்ஃப் ப்ரெஸ்தேன் ஒருவர். இன்னொருவர் ஓவியரே அல்ல. அர்மான் க்ளாவோ என்ற தாவரவியலாளர், பொர்தோவைச் சுற்றியுள்ள ழிரோந்து பகுதியின் தாவரங்களை ஆராய்ந்து நூல் எழுதியவர். இந்த மனிதர் இளம் ரெதோனுக்கு நுண்ணோக்கியைக் காட்டினார். டார்வினைப் படிக்கச் சொன்னார். போதலேரையும் போவையும் அறிமுகப்படுத்தினார். பழைய இந்திய இலக்கியத்தின் மேல் அவருக்கு இருந்த மதிப்பையும் ரெதோன் பதிவு செய்திருக்கிறார். க்ளாவோ தேடியது தாவரத்துக்கும் விலங்குக்கும் நடுவில் இருக்கும் உயிரை. பகலில் சில மணி நேரம் மட்டும், வெளிச்சம் பட்டால் விலங்குபோல் அசையும் பூ ஒன்றைப் பற்றி அவர் பேசியதை ரெதோன் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1883இன் "தோற்றங்கள்" தொகுப்பைத் திறந்து பாருங்கள். உயிர்கள் எப்படித் தோன்றின என்பதைக் கற்பனையில் தொடரும் கருப்புப் படங்கள். அதன் இரண்டாவது படம் ஒரு பூ. மெல்லிய தண்டு, இலைகள், உச்சியில் இதழ்களுக்கு நடுவே ஒரு கண். இமை மயிரெல்லாம் கதிர்போல் விரிந்திருக்கின்றன. பார்வை என்பதை இயற்கை முதன்முதலில் ஒரு பூவில்தான் முயன்று பார்த்ததோ என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. இரண்டு ஆண்டு கழித்து வந்த கோயாத் தொகுப்பில் சேற்று நிலத்தில் முளைத்த ஒரு செடி. பூ இருக்க வேண்டிய இடத்தில் சோகமான மனித முகம்.

பூக்கள் அவரிடம் புதிதாக வந்தவை அல்ல என்பதற்கு இவையே சாட்சி. கருப்புக் காலத்திலேயே அவை இருந்தன. கண்ணோடும் முகத்தோடும் இருந்தன. வண்ணம் மட்டும்தான் பிற்பாடு வந்தது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ரெதோனுக்குக் கல்லச்சில் படம் எடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தவர் ஃபாந்தேன்-லாத்தூர். அந்தக் காலத்தில் பூ ஓவியத்துக்கென்றே பெயர்பெற்றவர். ரோஜாவை வரைந்தால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். பூ வரைபவர் கற்றுக்கொடுத்தது கருப்பு மையை! படத்தை ஒரு தனித் தாளில் வரைந்து அதைக் கல்லுக்கு மாற்றும் முறை அது. முதல் தொகுப்பு அச்சானது வெறும் 25 படிகள். பத்துப் படங்கள் கொண்ட அந்தத் தொகுப்பைச் சிறு வட்டம்தான் பார்த்தது. 1884இல் உய்ஸ்மான்ஸ் என்ற எழுத்தாளர் தம் நாவலின் நாயகன் வீட்டுச் சுவரில் ரெதோனின் படங்களை மாட்டிவைத்த பிறகுதான் வெளியே பெயர் பரவியது.

இனி, கருப்பிலிருந்து வண்ணத்துக்கு அவர் எப்படி நடந்தார் என்பதைச் சொல்கிறேன். இது கைவேலை பற்றியது. என் வகுப்பில் கரும்பலகை துடைத்தவர்களுக்கு எளிதில் புரியும்.

கரித்துண்டால் படம் வரையும்போது ரெதோன் வெள்ளைத் தாளில் கோடு போட்டுக்கொண்டு போகவில்லை. சாயம் ஏற்றிய தாளில் கரியைப் பரவலாகத் தேய்த்து, கையாலும் துணியாலும் இழைத்து, முதலில் ஓர் இருட்டை உண்டாக்கிக்கொள்வார். பிறகு அந்த இருட்டிலிருந்து துடைத்தும் சுரண்டியும் வெளிச்சத்தை வெளியே எடுப்பார். நம் கரும்பலகையில் டஸ்டரை அரைகுறையாக இழுத்தால் ஒரு வெண்புகை படருமே, அதில் நேற்றைய கணக்கின் எண்கள் மங்கலாகத் தெரியுமே, அப்படி. அவருடைய உருவங்கள் வரையப்பட்டவை போல் தெரியாமல், இருட்டிலிருந்து மிதந்து வந்தவை போல் தெரிவதற்கு இதுதான் காரணம்.

பாஸ்டல் என்பது என்ன? நிறப்பொடியைக் கொஞ்சம் பசையோடு பிசைந்து குச்சியாக்கிக் காயவைத்தது. எண்ணெய் கிடையாது, நீர் கிடையாது. தாளின் சொரசொரப்பில் பொடியாகவே உட்கார்ந்துகொள்ளும். கை பட்டால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்பதால் கண்ணாடி போட்டுத்தான் வைக்க வேண்டும். பொடியாகவே இருப்பதால் அதன் நிறத்தில் ஒரு தனி ஒளி. யோசித்துப் பாருங்கள், கரித்துண்டு பிடித்துப் பழகிய கைக்கு எண்ணெய் வண்ணத் தூரிகையைவிட இது எவ்வளவு சொந்தம்! அதே குச்சி, அதே தூள், அதே சாயத்தாள், அதே விரல் தேய்ப்பு. பழைய கரிப் படங்கள் சிலவற்றின் மேலேயே அவர் பாஸ்டலை ஏற்றியிருக்கிறார். கருப்பை விட்டுவிட்டு வண்ணத்துக்குத் தாவவில்லை அவர். கருப்பின் மேலேயே வண்ணத்தை வைத்தார்.

அது ஒரே நாளிலும் நடக்கவில்லை. 1890இல் "மூடிய கண்கள்" என்ற ஓவியம். நீர்ப்பரப்புக்கு மேலே தெரியும் ஒரு தலை, மூடிய இமை, மிக மெல்லிய நிறம். அதே ஆண்டில்தான் க்ளாவோ இறந்தார். அவர் நினைவாக 1891இல் "கனவுகள்" என்ற கருப்புத் தொகுப்பை ரெதோன் வெளியிட்டார். அதன் கடைசிப் படத்தின் பெயர் "பகல்". இருண்ட அறை. ஒரு சன்னல். சன்னலுக்கு வெளியே வெளிச்சத்தில் ஒரு மரம். தனக்குச் செடிகொடிகளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியருக்கு ஒரு மாணவன் செலுத்திய அஞ்சலி அது. ஆசிரியனாக இருந்தவன் என்பதால் அந்தப் படத்தை என்னால் சீக்கிரம் கடந்து போக முடிவதில்லை.

அடுத்து வந்தவை வாழ்க்கைச் சூழ்நிலைகள். 1890களின் நடுவில் கடுமையான நோய் வந்து போனது. 1897இல் பெய்ர்லபாத் பண்ணை வீடு விற்கப்பட்டது. பாரிசில் வாழ்ந்தாலும் கோடைதோறும் அங்கே போய்த்தான் அவர் கரிப் படங்களை வரைந்துவந்தார். சிறுவயது இருட்டு முழுக்க அந்த வீட்டில் இருந்தது. வீடு போனதும் அந்த ஊற்றும் நின்றது. பழையபடி கரித்துண்டை எடுத்துப் பார்த்தேன், முடியவில்லை என்ற பொருளில் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார்.

பணத்தையும் மறைக்க வேண்டாம். வரலாற்றில் அதை மறைப்பவர்களை நம்பாதீர்கள் என்று உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். கருப்புப் படங்களை விரும்பியவர்கள் எழுத்தாளர்களும் சில சேகரிப்பாளர்களும்தான். பூ ஓவியங்களை வாங்க ஆட்கள் வந்தார்கள். குடும்பம் இருந்தது. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பிடித்த வேலைக்கே விலையும் கிடைத்தது என்றால் அதில் குறை காண ஒன்றுமில்லை.

அப்போது தொம்சி என்ற பிரபு தம் மாளிகையின் சாப்பாட்டுக் கூடத்துக்குச் சுவரோவியங்கள் கேட்டார். 1900-01இல் ரெதோன் அலங்காரப் படங்கள் செய்துகொடுத்தார். அவற்றில் ஒன்றுதான் "பெரும் பூங்கொத்து". துணியில் பாஸ்டல். உயரம் ஏறத்தாழ 2.5 மீட்டர், அகலம் 1.6 மீட்டருக்கு மேல். பாஸ்டல் குச்சியால் இவ்வளவு பெரிய படம் என்பதே அதிசயம். நூறு ஆண்டுகளுக்கு மேல் அது அந்தச் சாப்பாட்டுக் கூடத்திலேயே, வெளியுலகம் பார்க்காமல் இருந்தது. 2010இல் டோக்கியோவின் மிட்சுபிஷி இச்சிகோகான் அருங்காட்சியகம் வாங்கியது. உடன் இருந்தவற்றில் பதினைந்து படங்கள் அதற்கு முன்பே, 1988இல், பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

அந்த ஜாடியை நன்றாகப் பாருங்கள். நீல ஜாடி, அதற்கு மேல் மஞ்சளும் செம்மையும் நீலமுமாகப் பூக்களின் பெருங்கூட்டம். மேசை எங்கே? காணோம். பின்னால் சுவர்? அதுவும் இல்லை. நிழல் விழும் தரையும் இல்லை. வழக்கமாக ஸ்டில் லைஃப் என்னும் பொருள் ஓவியத்தில் மேசையின் விளிம்பு ஒன்றாவது இருக்கும். பொருள்கள் எதன் மேலாவது உட்கார்ந்திருக்கும். ரெதோனின் ஜாடிகள் பெரும்பாலும் மிதக்கின்றன. எங்கோ பார்த்த மாதிரி இல்லை? கருப்புக் காலத்துக் கண்களும் தலைகளும் இருட்டில் மிதந்தனவே, அதே மிதப்புதான். இருட்டு இருந்த இடத்தில் இப்போது மங்கலான மணல் நிறமோ இளஞ்சிவப்போ இருக்கிறது.

பூக்களை அவர் கற்பனையில் மட்டும் வரையவில்லை. மனைவி கமீய் பூக்களைப் பறித்து வந்து ஜாடியில் அடுக்கிவைப்பார். கமீய் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் பிறந்தவர். 1880இல் இருவருக்கும் திருமணம். 1909க்குப் பிறகு கோடைகளைக் கழித்த பியேவ்ர் வீட்டுத் தோட்டத்துப் பூக்களே நிறையப் படங்களில் இருக்கின்றன. உட்கார்ந்து பார்த்துத்தான் வரைந்தார். ஆனால் அங்கேயே நிற்கவில்லை. கண் காண்பதும் நினைவு வைத்திருப்பதும் வந்து கலக்கும் துறையில் பூத்தவை என்பதுபோல் தம் பூக்களைப் பற்றிச் சொன்னார். அதனால்தான் அந்தக் கொத்துகளில் சில பூக்களுக்குப் பெயர் சொல்லிவிடலாம், பக்கத்துப் பூவுக்குத் தாவரவியல் பேராசிரியராலும் பெயர் சொல்ல முடியாது.

லண்டன் தேசியக் காட்சியகத்தில் "பூக்களிடையே ஒஃபீலியா" என்று ஒரு பாஸ்டல் இருக்கிறது. 1905-08 காலத்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் நீரில் மூழ்கி இறக்கும் பெண் ஒஃபீலியா. அந்தப் படம் முதலில் ஒரு சாதாரணப் பூ ஜாடியாகத் தொடங்கியது. ரெதோன் தாளைப் பக்கவாட்டில் திருப்பினார். பூங்கொத்து நீரில் மிதக்கும் பூக்களாயிற்று. ஓரத்தில் ஒரு பெண் முகத்தைச் சேர்த்தார். கால்வட்டம் திருப்பியதும் வரவேற்பறைப் பூ ஜாடி ஒரு மரணமாகிவிட்டது! பூக்கள் என்றாலே மகிழ்ச்சி என்பவர்கள் இந்தப் படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நம் ஊரில் பூவைக் கல்யாணத்துக்கும் கட்டுகிறோம், கடைசி யாத்திரைக்கும் கட்டுகிறோம். நமக்கு இதை விளக்கவே தேவையில்லை.

புகழ் தாமதமாகத்தான் வந்தது. 1904இல் பாரிசின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவருக்கென்று தனி அறை ஒதுக்கி 62 படைப்புகள் வைத்தார்கள். அப்போது வயது 64. எழுபதாவது வயதில் ஃபோன்ஃப்ருவாத் மடத்தின் நூலகத்துக்குப் பெரிய சுவரோவியங்கள் செய்தார். ஒன்றின் பெயர் "இரவு", இன்னொன்றின் பெயர் "பகல்". க்ளாவோவுக்காக வரைந்த சன்னலின் அதே பெயர். 1913இல் நியூயார்க்கில் புதிய கலையை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்திய ஆர்மரி கண்காட்சி நடந்தபோது, அதிகப் படங்கள் வைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். நிறைய விற்பனையும் ஆயிற்று.

1914ஐ ஒட்டிய ஓர் ஓவியத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. "ஒற்றைக்கண்ணன்". நெதர்லாந்தின் க்ரோலர்-மியூலர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரேக்கக் கதையின் ஒற்றைக்கண் பூதம் மலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது. மலைச்சரிவு முழுக்க வண்ணப் பூக்கள். அவற்றுக்கு நடுவில் உறங்கும் ஒரு பெண். பூதத்தின் அந்தப் பெரிய கண்ணில் வன்மம் இல்லை, வெட்கமும் ஏக்கமும்தான். முப்பது ஆண்டுக்கு முன் பூவுக்குள் முளைத்த கண், இப்போது பூக்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பூதங்களை அவர் விரட்டிவிடவில்லை. அவற்றுக்கும் தோட்டத்தில் இடம் கொடுத்தார்.

அந்த மாணவிக்கு என் பதில் இதுதான். கதை உண்மை இல்லை. அது தவறு என்பதோடு கொஞ்சம் இரக்கமற்றதும்கூட. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் இந்தப் பதிவைப் படிப்பவர்களிடையேயும் இருக்கின்றன. அடுத்த பிள்ளை பிறந்துவிட்டால் முந்தைய துயரம் துடைத்துப் போய்விடும் என்று ஊர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வாய்மூடி இருக்கும் தாய்மார்களை எனக்குத் தெரியும். ஒரு குழந்தை இன்னொரு குழந்தைக்குப் பதில் ஆகாது. ரெதோனின் படங்களும் அப்படிச் சொல்லவில்லை. இருட்டு இருந்த தாளிலேயே, அதைத் துடைத்தெறியாமல், அதன் மேல் நிறம் வைக்க முடியும் என்றுதான் அவை சொல்கின்றன. அதற்கு அவருக்கு ஒரு நாள் போதவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

உங்களில் பலர் ஐம்பதைத் தாண்டிவிட்டீர்கள். இனிமேல் புதிதாக என்ன என்று சிலர் எழுதுகிறீர்கள். ஐம்பதில் வண்ணத்துக்கு வந்தவர், அறுபதில் பெரும் பூங்கொத்தை வரைந்தவர் இந்த மனிதர். ஆனால் ஐம்பதில் புதிய கை முளைக்கவில்லை. அதுவரை கரி பிடித்த அதே கைதான்.

முதல் உலகப் போரில் மகன் ஆரி போர்முனைக்குப் போனார். அவரைப் பற்றிய செய்திக்காகத் தவித்துக்கொண்டிருந்த நாட்களில், 1916 ஜூலை 6 அன்று, ரெதோன் பாரிசில் காலமானார். ஆரி உயிரோடு திரும்பி நெடுங்காலம் வாழ்ந்தார். அப்பாவின் படைப்புகளைப் பாதுகாத்து வைத்திருந்து, தமக்கும் மனைவிக்கும் பிறகு அவை பிரெஞ்சு அருங்காட்சியகங்களுக்குச் சேரும்படி செய்தார். 1980களில் நூற்றுக்கணக்கான படைப்புகள் அப்படிப் போய்ச் சேர்ந்தன. கருப்பும் வண்ணமும் கலந்த அந்தச் சேகரிப்பை இன்று உலகமே பார்க்கிறது.

நேரம் கிடைக்கும்போது இணையத்தில் "தோற்றங்கள்" தொகுப்பின் கண் பூவையும் "பெரும் பூங்கொத்தை"யும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.